மொத தடவ ராத்திரி ரயில் ஏறப்போறீங்களா? எங்கெங்க தப்பு நடக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க

போன வருசம் மதுரைல இருந்து சென்னைக்கு வந்துட்டு இருந்தேன், திருச்சில வண்டி நின்னப்ப மணி பன்னெண்டரை இருக்கும், யாரோ என் கால தட்டி எழுப்புறாங்க. பாத்தா சின்ன வயசு புருசன் பொண்டாட்டி, இடுப்புல ஒரு கொழந்த, கையில மூணு பை, "அண்ணே இது எங்க சீட்டு"ங்கிறாங்க. என் டிக்கெட்ட எடுத்து காட்டுனேன், அவங்களும் காட்டுனாங்க, அதே பெட்டி அதே நம்பர். அப்புறம் தேதிய பாத்தா தான் புரிஞ்சது, அவங்க டிக்கெட் 15ஆம் தேதி 00:25, அவங்க வந்து நிக்கிறது 15ஆம் தேதி ராத்திரி சாப்ட்டு முடிச்சுட்டு, அதாவது காலண்டர் படி 16 ஆயிருச்சு. அவங்க வண்டி முந்தின நாளே போயிருச்சு. பெட்டில முழிச்சிருந்த நாலஞ்சு பேரு சிரிச்சுட்டாங்க. அந்த பொண்ணுக்கு கண்ணு கலங்கிருச்சு.

டிடிஆர் வந்து பாத்துட்டு இந்த டிக்கெட் செல்லாதுன்னு சொல்லி டிக்கெட் இல்லாதவங்களுக்கு போடுற மாதிரி பணம் கட்ட வச்சார், நல்லவேளை ரெண்டு பெட்டி தள்ளி ஒரு பெர்த் காலியா இருந்துச்சு, அங்க அனுப்பிட்டார். எனக்கு அதுக்கப்புறம் தூக்கமே வரல. நமக்கு இதெல்லாம் பழகிப்போச்சு, அதனால தெரியாதவங்கள பாத்தா சிரிப்பு வருது. ஆனா இத யாருமே அவங்களுக்கு உக்காந்து சொல்லித் தந்தது கிடையாது. பஸ்ல போறவங்களுக்கு கண்டக்டர் இருக்கார், கேட்டா சொல்வார். ரயில்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கு பிளாட்பாரத்துல யார கேக்குறது? அதான் பதினஞ்சு வருசமா மாசம் ஒரு தடவயாவது இந்த ரூட்ல போயிட்டு வர்ற ஆளா, பாத்தது எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன்.

முதல் வேலை: டிக்கெட் போடும்போதே ஊர் பேர சரியா பாருங்க

டிக்கெட் புக் பண்ற எடத்துல ஊர் பேர ரெண்டு எழுத்து அடிச்ச உடனே ஒரு லிஸ்ட் வரும், அதுல மேல இருக்கறத அமுக்கிட்டு போறவங்க தான் அதிகம். நம்ம ஊர் பக்கம் பேரெல்லாம் திருல ஆரம்பிக்கிறது, அங்க தான் வினை. திருப்பதி, திருப்பத்தூர், திருப்பூர் மூணும் ஒன்னு பக்கத்துல ஒன்னு நிக்கும். இதுல டிபிடிங்கிற (TPT) ஸ்டேஷன் கோடு பாத்தா திருப்பதின்னு தான யாருக்கும் தோணும், ஆனா அது ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவுல இருக்குற திருப்பத்தூர். திருப்பதிக்கு டிபிடிஒய், திருப்பூருக்கு டியுபி. இதே மாதிரி திருவள்ளூர் டிஆர்எல், திருவாரூர் டிவிஆர். காரைக்குடி கேகேடிஐ, காரைக்கால் கேஐகே. திருச்சிக்கு போடுறேன்னு திருச்சூருக்கு போட்டவர ஒரு தடவ நானே பாத்திருக்கேன், கேரளா வண்டில ஏறுறப்ப தான் அவருக்கே தெரிஞ்சது.

பெரிய ஊர்ன்னா இன்னொரு தொல்லை, ஒரே ஊருக்கு நாலு ஸ்டேஷன். பெங்களூருக்கு மெஜஸ்டிக் பக்கம் இருக்குற கேஎஸ்ஆர் ஒன்னு, கன்டோன்மென்ட் ஒன்னு, யஷ்வந்த்பூர் ஒன்னு, 2022ல தொறந்த பையப்பனஹள்ளி பக்கத்து எஸ்எம்விடி ஒன்னு. எர்ணாகுளத்துல டவுன் வேற ஜங்ஷன் வேற. ஹைதராபாத் போறீங்கன்னா செகந்திராபாத், நாம்பள்ளி, காச்சிகுடா மூணும் வேற வேற எடம். கூட்டிட்டு போக வர்ற ஆள் ஒரு ஸ்டேஷன்ல நிப்பாரு, நீங்க இன்னொரு ஸ்டேஷன்ல நிப்பீங்க, ரெண்டு பேரும் போன்ல "நான் வெளிய தான் நிக்கிறேன்"ன்னு அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருப்பீங்க.

சென்னைல கிளம்புறவங்களுக்கு இருக்குறதுலயே பெரிய தப்பு சென்ட்ரலா எழும்பூரான்னு பாக்காம போறது. பொதுவா மதுரை, திருச்சி, நெல்லை, நாகர்கோவில் பக்கம்னா எழும்பூர், கோவை, பெங்களூர், கேரளா, வடக்கனா சென்ட்ரல். ஆனா இந்த கணக்க நம்பி போகாதீங்க, எழும்பூர்ல கட்டட வேலை நடக்குறதால சில வண்டிய தாம்பரத்துக்கு மாத்துனாங்க. டிக்கெட்ல என்ன போட்டிருக்கோ அங்க போங்க. டிக்கெட்ல எம்எஸ்னா எழும்பூர், எம்ஏஎஸ்னா சென்ட்ரல், டிபிஎம்னா (TBM) தாம்பரம். தப்பா சென்ட்ரலுக்கு வந்துட்டீங்கன்னா பதறி ஆட்டோ புடிக்காதீங்க, மெட்ரோல எழும்பூர் அடுத்த ஸ்டேஷன் தான், இல்லன்னா எதிர்ல பார்க் ஸ்டேஷன் போயி தாம்பரம் பக்கம் போற எலக்ட்ரிக் டிரெயின் ஏறுனா அதுலயும் அடுத்தது எழும்பூர் தான். அரை மணி நேரம் கையில இருந்தா புடிச்சிரலாம்.

தேதிய பத்தி திரும்பவும் சொல்றேன், ராத்திரி 12ல இருந்து காலைல 4 மணிக்குள்ள உங்க ஸ்டேஷன்ல வண்டி வருதுன்னா கண்டிப்பா ஒரு பேப்பர்ல எழுதி பாருங்க. 15ஆம் தேதி 00:25ன்னு போட்டிருந்தா 14ஆம் தேதி ராத்திரி சாப்பாட்ட முடிச்சுட்டு கிளம்பணும். ஊர்ல இருக்குற அம்மா அப்பாவுக்கு டிக்கெட் போட்டு குடுக்குற பசங்க, "15ஆம் தேதி வண்டி"ன்னு சொல்லாதீங்க, "செவ்வாக்கெழம ராத்திரி சாப்ட்டுட்டு ஸ்டேஷன் போயிருங்க"ன்னு கெழமய சொல்லுங்க. எங்க அத்தைக்கு நான் இப்பிடித்தான் சொல்வேன், ஒரு தடவ கூட தப்பு நடந்ததில்ல.

அதே மாதிரி பெரியவங்களுக்கு கீழ் பெர்த் கெடைக்கணும்னா, வீட்டுல இருக்குற ஆறு பேரையும் ஒரே டிக்கெட்ல போடாதீங்க. 60 வயசு தாண்டுன ஆம்பளைங்க, 45 தாண்டுன பொம்பளைங்களுக்குன்னு கீழ் பெர்த் கோட்டா தனியா இருக்கு, ஆனா அது அவங்க தனியாவோ ரெண்டு பேராவோ போட்டா தான். இது தெரியாம குடும்பத்தோட போட்டுட்டு, பாட்டிக்கு மேல் பெர்த் விழுந்து, ராத்திரி பெட்டில எல்லார்கிட்டயும் போயி "கொஞ்சம் மாத்திக்கிறீங்களா"ன்னு கெஞ்சுறவங்கள ஒவ்வொரு தடவயும் பாக்குறேன்.

அவசரமா தட்கல் போடுறவங்க, பொறப்படுற நாளுக்கு முந்தின நாள் ஏசிக்கு காலைல 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலைல இருந்து ஆதார் இணைச்ச கணக்குல தான் ஆன்லைன்ல தட்கல் எடுக்க முடியும், அதனால பத்து மணிக்கு உக்காந்துட்டு ஆதார் இணைக்க ஆரம்பிக்காதீங்க, இன்னைக்கே முடிச்சு வைங்க. சாதா ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடி தொறக்கும், முன்ன 120 நாளா இருந்தத 2024 நவம்பர்ல கொறச்சுட்டாங்க, பொங்கல் தீபாவளி கணக்கெல்லாம் இத வச்சு போடுங்க.

டிக்கெட்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறது

கன்ஃபார்ம், ஆர்ஏசி, வெயிட்டிங் லிஸ்ட். இந்த மூணும் புரியாம வர்ற சண்டை தான் பாதி. ஆர்ஏசின்னா ஏறலாம், ஆனா ஒரு சைடு லோயர் பெர்த்த, அதாவது நடைபாதைக்கு அந்தப்பக்கம் இருக்குற கீழ் பெர்த்த, ரெண்டு பேரு பகிர்ந்துக்கணும், உக்காந்து போகணும், யாராவது வரலன்னா முழு பெர்த் கெடைக்கும். ஆர்ஏசில வந்துட்டு கூட இருக்குற ஆள "நீங்க ஏன் என் சீட்ல உக்காந்திருக்கீங்க"ன்னு விரட்டுனவர பாத்திருக்கேன், ரெண்டு பேருக்குமே அது தான் சீட்டு. வெயிட்டிங் லிஸ்ட் ஆன்லைன் டிக்கெட்ல இருக்குற எல்லாருக்குமே சார்ட், அதாவது யாருக்கு எந்த பெர்த்துங்கிற கடைசி லிஸ்ட், போட்ட பிறகும் கன்ஃபார்ம் ஆகலன்னா அது தானா கேன்சல் ஆயிரும், பணம் திரும்ப வந்துரும், அத காட்டி ஏற முடியாது. கவுன்டர்ல எடுத்த வெயிட்டிங் டிக்கெட்டா இருந்தாலும் ரிசர்வேஷன் பெட்டில ஏறக்கூடாது. "பணம் கட்டியிருக்கேன்ல"ன்னு வாதாடி பிரயோஜனம் இல்ல.

பெர்த் நம்பர் கணக்கு ரொம்ப சுலபம், இத ஒரு தடவ கத்துக்கிட்டா வாழ்நாள் முழுக்க ஒதவும். ஸ்லீப்பர்லயும் மூணாவது ஏசிலயும் எட்டு எட்டா தான் அடுக்கு. உங்க நம்பர எட்டால வகுத்து மீதி பாருங்க. மீதி 1, 4 வந்தா கீழ, 2, 5 வந்தா நடு, 3, 6 வந்தா மேல, 7 வந்தா சைடு லோயர், மீதியே இல்லன்னா சைடு அப்பர். 43ன்னா அஞ்செட்டு நாப்பது, மீதி மூணு, மேல் பெர்த். 32ன்னா மீதி இல்ல, சைடு அப்பர். ரெண்டாவது ஏசில ஆறு ஆறா வரும், மீதி 1, 3 கீழ, 2, 4 மேல, 5 சைடு லோயர், மீதி இல்லன்னா சைடு அப்பர்.

நம்பர் சரியா இருந்தாலும் பெட்டி தப்பா இருக்கும், அது இன்னும் அதிகம். எஸ்5ல 32க்கு பதிலா எஸ்6ல 32ல ஏறி படுத்து, நல்லா போர்த்திக்கிட்டு கொறட்டையும் விட்டுருவாங்க. உண்மையான ஆள் வந்து எழுப்புனா தூக்கத்துல கோவம் வேற வரும். அதனால படுக்குறதுக்கு முன்னாடி எதிர்ல இருக்குறவங்ககிட்ட "இது எஸ்5 தான"ன்னு ஒரு வார்த்த கேட்டுருங்க, அதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல, தெனம் போறவங்களே கேக்குறாங்க.

பிளாட்பாரத்துல

வண்டி அரை கிலோமீட்டருக்கு மேல நீளம். இத மனசுல வச்சுக்கோங்க. படிக்கட்டு எறங்குன எடத்துலயே நின்னுட்டு, வண்டி வந்த பிறகு எங்க பெட்டி எங்க பெட்டின்னு சூட்கேஸ தலைல வச்சுட்டு ஓடுற குடும்பத்த எல்லா ஸ்டேஷன்லயும் பாக்கலாம், முன்னாடி அப்பா, நடுவுல கொழந்தைங்க, கடைசில பாட்டி. பிளாட்பாரத்துல மேல தொங்குற போர்டுல எந்த பெட்டி எங்க நிக்கும்னு காட்டும், வண்டி வர்றதுக்கு பத்து நிமிசம் முன்னாடியே அங்க போயி நின்னுக்கோங்க. போர்டு இல்லன்னா டீக்கடைக்காரர், போர்ட்டர் யார கேட்டாலும் சரியா சொல்வாங்க.

ரெண்டே நிமிசம் நிக்கிற ஸ்டேஷன்ல ஓடி ஓடி உங்க பெட்டிய தேடாதீங்க. கிட்ட இருக்குற ஏதாவது ரிசர்வேஷன் பெட்டில ஏறிருங்க, உள்ளயே நடந்து உங்க பெட்டிக்கு போயிரலாம், எல்லாம் இணைஞ்சு தான் இருக்கும். அன்ரிசர்வ்டு பெட்டில மட்டும் ஏறிராதீங்க, அங்க இருந்து உள்ள வர பெரும்பாலும் வழி இருக்காது.

ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் ரெண்டு வண்டி நிக்கும், ரெண்டு மேலயும் ஒரே ஊர் பேர் எழுதியிருக்கும், ஒன்னு அந்த ஊருக்கு போறது இன்னொன்னு அங்க இருந்து வர்றது. பேர பாக்காதீங்க, அஞ்சு இலக்க நம்பர பாருங்க. பாண்டியன் எக்ஸ்பிரஸ்னு எடுத்துக்கிட்டா சென்னைல இருந்து மதுரைக்கு 12637, மதுரைல இருந்து சென்னைக்கு 12638. பேரு ஒன்னு, நம்பர் வேற.

வழியனுப்ப வந்தவங்களுக்கு ஒரு வார்த்த. பெட்டிக்குள்ள ஏறி சூட்கேஸ சீட்டுக்கு அடில தள்ளி, சங்கிலி போட்டு பூட்டி, பேரன கொஞ்சி, தண்ணி பாட்டில் வச்சிருக்கியான்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள வண்டி நகந்துரும். எங்க சொந்தத்துல ஒரு மாமா மதுரைல ஏத்திவிட வந்து, பிளாட்பார டிக்கெட்டோட திண்டுக்கல் வரைக்கும் வந்தார், வீட்டுல அத்தை பால் அடுப்புல வச்சுட்டு காத்துட்டு இருந்தாங்க. ஓடுற வண்டில இருந்து குதிக்காம உக்காந்திருந்தாரே, அது தான் அவர் பண்ணுன நல்ல காரியம். அப்பிடி ஆயிட்டா நீங்களும் குதிக்காதீங்க, டிடிஆர்கிட்ட நீங்களே போயி உண்மைய சொல்லுங்க, அடுத்த ஸ்டேஷன்ல எறங்குங்க. சாதா வண்டிலயாவது அடுத்த ஸ்டேஷன் கிட்ட இருக்கும். வந்தே பாரத்ல கதவு தானா மூடிரும், மூடுனா மூடுனது தான். சென்ட்ரல்ல மைசூர் வந்தே பாரத்ல போட்டோ எடுக்க ஏறுனா, அடுத்து கதவு தொறக்குறது காட்பாடில. அதனால சாமான ஜன்னல் வழியாவோ கதவுகிட்டயோ குடுத்துட்டு கீழ நின்னே டாட்டா காட்டுங்க.

ஏறுன பிறகு உக்கார்றது, படுக்குறது

ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் தான் தூங்குற நேரம்னு ரயில்வே விதி. அதுக்கு முன்னாடி நடு பெர்த்த தூக்கி மாட்டக்கூடாது, கீழ இருக்குறவங்க குனிஞ்சே உக்காரணும். ஏழு மணிக்கே நடு பெர்த்த போட்டு படுத்துர்றவரும் இருக்கார், காலைல ஒம்போது மணி வரைக்கும் எந்திரிக்காம கீழ மூணு பேர கழுத்த மடக்கி உக்கார வச்சிருக்குறவரும் இருக்கார். கேட்டா எல்லாரும் எந்திரிச்சுருவாங்க, கேக்குற விதம் தான். "தம்பி, ஆறு மணி ஆச்சு, கொஞ்சம் எறக்கிக்கலாமா"ன்னு கேளுங்க போதும். சைடு லோயர்காரங்களும் பகல்ல கால நீட்டி படுத்துட்டு சைடு அப்பர்காரர விரட்டக்கூடாது, பகல்ல அவருக்கும் அங்க தான் எடம்.

நடு பெர்த் மாட்டும்போது சங்கிலி கொக்கி ரெண்டு பக்கமும் வளையத்துல முழுசா விழுந்திருக்கான்னு ஒரு தடவ கையால அழுத்தி பாருங்க. அரைகுறையா மாட்டுனா கீழ படுத்திருக்குறவங்க மேல விழும். ஜன்னல் ஷட்டரும் அப்பிடித்தான், மேல தூக்கி கிளிப்ல மாட்டுனது சரியா ஒக்காரலன்னா வண்டி குலுங்குறப்ப கில்லட்டின் மாதிரி எறங்கும், கொழந்தைங்க வெரல அங்க வைக்க விடாதீங்க.

கொழந்தைக்கு சேலைல தூளி கட்டுறவங்கள பாத்தா எனக்கு மனசு நெறஞ்சு போகும், அந்த கொழந்த தூங்குற மாதிரி பெட்டில யாரும் தூங்க முடியாது. ஆனா நடைபாதை பக்கமா கட்டாதீங்க, இருட்டுல பாத்ரூம் போறவங்க தல மோதும், கொழந்தைக்கும் அடிபடும். ரெண்டு பெர்த்துக்கு நடுவுல, உள்பக்கமா, தரைல இருந்து ரொம்ப ஒசரம் இல்லாம கட்டுங்க, ரெண்டு தடவ இழுத்து பாத்துட்டு கொழந்தய போடுங்க.

அப்புறம் அந்த செவப்பு சங்கிலி. மேல் பெர்த்துக்கு ஏறும்போது புடிக்க வாட்டமா இருக்குன்னு அத புடிச்சு தொங்குறாங்க, பைய மாட்டுறாங்க, ஈர துண்டு காய போடுறாங்க. அத இழுத்தா வண்டி நின்னுரும். காரணம் இல்லாம இழுத்தா ரயில்வே சட்டம் 141ஆவது பிரிவுல ஒரு வருசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 1000 ரூவா வரைக்கும் அபராதம். ஏறுறதுக்குன்னு ஓரத்துல ஏணி கம்பி இருக்கு, அதுல கால வச்சு ஏறுங்க. கீழ படுத்திருக்குறவர் வயித்துல கால வச்சு ஏறுறவங்களும் உண்டு, பாவம் அவர்.

ஜன்னல்ல கைய விட்டு போன் பேசி கீழ போட்டவங்க முதல்ல பண்றது சங்கிலிய இழுக்குறது. போனுக்காக இழுத்தா அதுக்கும் இதே தண்டனை தான் வரும். விழுந்த உடனே வெளிய தெரியுற கரண்ட் கம்பத்துல இருக்குற நம்பர குறிச்சுக்கோங்க, எந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுலன்னும் பாத்துக்கோங்க, ரயில்வே உதவி நம்பர் 139க்கு போன் பண்ணி ரயில்வே போலீசுக்கு சொல்லுங்க. கம்பம் நம்பர் இருந்தா தேடுறதுக்கு ஒரு எடம் கெடைக்குது, இல்லன்னா பத்து கிலோமீட்டர் தண்டவாளத்துல எங்க போயி தேடுவாங்க.

ஃபேன் சுத்தலன்னு சீப்பு, பேனாவ உள்ள விட்டு தள்ளி விடுறது ஸ்லீப்பர்ல பெரிய பழக்கம், முக்கால்வாசி நேரம் சுத்தவும் செய்யும், அதனால தான் எல்லாரும் பண்றாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அந்த பேனா தெறிச்சு எதிர்ல இருந்தவர் நெத்தில பட்டத பாத்தேன். 139ல சொல்லுங்க, இல்ல ரயில்வேயோட ரயில்மதத் ஆப்ல டிக்கெட்ல இருக்குற பிஎன்ஆர் நம்பர போட்டு எழுதுங்க, வண்டிலயே எலக்ட்ரீசியன் இருந்தா வந்துருவார்.

சாப்பாடும் கைகழுவுறதும்

புளியோதரை, இட்லி மொளகாப்பொடி, தயிர் சாதம், தாராளமா கொண்டு போங்க, பக்கத்துல ஒருத்தருக்கு ஒரு கவளம் நீட்டுறது நம்ம பழக்கம், அது நல்ல பழக்கம். தெரியாதவங்க குடுக்குறத வாங்கி சாப்பிடுறது மட்டும் வேணாம், வேணாம்னு சொல்ல சங்கடமா இருந்தா "இப்பத்தான் சாப்ட்டேங்க"ன்னு சொல்லிருங்க. ஆனா சாப்ட்டு முடிச்சுட்டு ஜன்னல் வழியா கைய கழுவாதீங்க. வண்டி முன்னாடி போகுது, தண்ணி பின்னாடி போகும், அடுத்த ஜன்னல்ல காத்து வாங்கிட்டு இருக்குறவர் மூஞ்சில தயிர் சாத தண்ணி. என் சட்டைல சாம்பார் பட்டிருக்கு, கல்யாணத்துக்கு போற சட்டை. வெத்தல எச்சியும் அப்பிடித்தான். கை கழுவ ஒவ்வொரு பெட்டி கடைசிலயும் வாஷ்பேசின் இருக்கு.

கொழந்தைக்கு வெந்நி வேணும்னு கெட்டிலை சார்ஜ் போடுற எடத்துல சொருகுறாங்க. அது போன், லேப்டாப் சார்ஜருக்கு மட்டும் தான் தாங்கும், கெட்டில் போட்டா வயர் சூடாகி பொகையும். வெந்நிய பிளாஸ்க்ல வீட்டுல இருந்தே எடுத்துட்டு போங்க, தீந்துட்டா டீ விக்கிறவர கேளுங்க, தருவாங்க. அடுப்பு, சிலிண்டர், கற்பூரம் ஏத்துறது எதுவுமே கூடவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி மதுரைல, லக்னோல இருந்து யாத்திரை வந்தவங்க பெட்டி யார்டுல நின்னப்ப, உள்ள வச்சிருந்த சிலிண்டரால தீப்புடிச்சு ஒம்போது பேரு செத்துப் போனாங்க. காலைல டீ போடுறதுக்காக பத்த வச்சது. எனக்கு அந்த ஸ்டேஷன் வீடு மாதிரி, அதனால இந்த ஒரு விசயத்துல நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன், பெட்டில யாராவது தீப்பெட்டி ஒரசுனா எழுந்து போயி அணைக்க சொல்வேன். நீங்களும் சொல்லுங்க.

பாத்ரூம்ல போயி சிகரெட் புடிச்சா யாருக்கு தெரியப்போகுதுன்னு நினைக்கிறவங்களுக்கு, 2023ல திருப்பதி செகந்திராபாத் வந்தே பாரத்ல டிக்கெட் இல்லாம ஏறுன ஒருத்தர் அப்பிடித்தான் பத்த வச்சார், பொகை கருவி அலாரம் அடிச்சு, தீயணைக்குற பொடி தானா பீச்சி, வண்டியே நடுவழில நின்னுருச்சு.

பாத்ரூம பத்தி ஒன்னே ஒன்னு. இப்ப எல்லாம் பயோ டாய்லெட், கீழ தொட்டில பாக்டீரியா தான் வேலை செய்யுது. டயப்பர், பாட்டில், நாப்கின் எதையாவது உள்ள போட்டா அடைச்சுக்கும், அப்புறம் அந்த பெட்டில இருக்குற எழுபது எண்பது பேருக்கும் காலைல நரகம். பக்கத்துலயே குப்பைத்தொட்டி இருக்கும். உள்ள போனா தாப்பாள முழுசா போடுங்க, பாதி போட்டா குலுங்குறப்ப தொறந்துக்கும்.

வண்டி திரும்ப வந்த ஊருக்கே போகுதா?

சென்னைல இருந்து கொல்கத்தா பக்கம் போறவங்க கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல விசாகப்பட்டினம் தாண்டுறப்ப பதறுவாங்க. அந்த ஸ்டேஷன்ல எஞ்சின கழட்டி பின்பக்கம் மாட்டுவாங்க, வந்த பக்கமே திரும்பி வண்டி கிளம்பும். ஜன்னல் சீட்டுல உக்காந்தவங்களுக்கு எல்லாம் பின்னாடி ஓடுற மாதிரி இருக்கும். ஒரு அம்மா "ஐயோ திரும்ப மெட்ராசுக்கு போகுதுங்க, எறங்குங்க"ன்னு ரெண்டு கொழந்தையையும் தூக்கிட்டு கதவுக்கே போயிட்டாங்க, பக்கத்துல இருந்த மிலிட்டரிக்காரர் தான் தடுத்து உக்கார வச்சு வெளக்குனார். கொஞ்ச தூரம் போனதும் தடம் பிரிஞ்சு வடக்க போயிரும், பயப்படாதீங்க. இங்க எஞ்சின் மாத்தி கிளம்ப நேரமாகும், அதுக்காக கீழ எறங்கி ரொம்ப தூரம் போயிராதீங்க, பெட்டி வரிசையும் தலைகீழா மாறிருக்கும், முன்னாடி இருந்தது பின்னாடி ஆயிருக்கும்.

எறங்குறப்ப

சென்னைக்கு வர்ற ராத்திரி வண்டில விழுப்புரத்துலயே ஒரு குடும்பம் எந்திரிச்சு லைட்ட போட்டு "தாம்பரம் வந்துருச்சா"ன்னு ஆரம்பிச்சுரும். எல்லா சாமானையும் கதவுகிட்ட அடுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நிப்பாங்க, யாரும் பாத்ரூம் போக முடியாது. அவங்க பயம் எனக்கு புரியுது, எறங்காம போயிட்டா என்ன பண்றதுன்னு பயம். அதுக்கு ஒரு அடையாளம் சொல்றேன். செங்கல்பட்டு தாண்டுன உடனே தண்டவாளத்த ஒட்டி பெரிய ஏரி வரும், கொளவாய் ஏரி, இருட்டுலயும் தண்ணி மினுங்குறது தெரியும். அதுக்கப்புறம் தாம்பரத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஏரிய பாத்துட்டு போர்வைய மடிச்சா போதும். தூங்கிருவோம்னு பயமிருந்தா போன்ல வேர் இஸ் மை டிரெயின் ஆப்ல அலாரம் வைங்க, சத்தத்த கொறச்சு வைங்க, ஒங்க அலாரத்துக்கு ஒம்பது பேரு எந்திரிக்க வேணாம்.

தாம்பரத்துல பாதி கூட்டம் எறங்கும், அத பாத்து எழும்பூர்னு நினைச்சு எறங்கிறாதீங்க. மஞ்ச போர்ட படிச்சுட்டு எறங்குங்க. அங்க இருந்து எலக்ட்ரிக் டிரெயின் புடிக்கிறவங்க, கூட்டமே இல்லாத பெட்டி ஒன்னு வந்து முன்னாடி நிக்கும், அது பெரும்பாலும் ஃபர்ஸ்ட் கிளாஸ். சாதா டிக்கெட்டோட ஏறுனா கொறஞ்சது 250 ரூவா அபராதம், அதுக்கு மேல டிக்கெட் காசு. ஊர்ல இருந்து பொட்டி படுக்கையோட வர்றவங்க தான் இதுல அதிகமா மாட்டுறாங்க. லேடீஸ் பெட்டியும் அப்பிடி, குடும்பத்தோட வந்தாலும் ஆம்பளைங்க ஏறக்கூடாது. ஏறுறதுக்கு முன்னாடி பெட்டி மேல எழுதியிருக்குறத படிங்க. படில தொங்குறது வேணவே வேணாம், 2018 ஜூலைல பரங்கிமலைல படில தொங்கிட்டு வந்த பசங்க பிளாட்பார சுவர்ல மோதி செத்தாங்க.

எறங்குறதுக்கு முன்னாடி செருப்ப பாருங்க, அது உங்களுது தானா. கருப்பு செருப்பெல்லாம் இருட்டுல ஒன்னு போலத்தான் இருக்கும். அப்புறம் பைய எண்ணுங்க, எத்தன பையோட ஏறுனோம்னு ஏறும்போதே கொழந்தைங்ககிட்ட சொல்லி வைங்க, அதுங்க மறக்காது. சீட்டுக்கு அடில, தலகாணி பக்கம், சார்ஜர் சொருகுன எடம், ஜன்னல் கொக்கி, இந்த நாலு எடம். எதையாவது விட்டுட்டு எறங்கிட்டா ஓடுற வண்டி பின்னாடி ஓடாதீங்க. 139க்கு போன் பண்ணி வண்டி நம்பர், பெட்டி, பெர்த் நம்பர் மூணையும் சொல்லுங்க. எங்க தெரு பெரியவர் ஒருத்தர் நாகர்கோவில் போற வண்டில மதுரைல எறங்குறப்ப அவர் சம்சாரத்தோட பழைய எவர்சில்வர் தூக்குச்சட்டிய சீட்டுக்கு அடில விட்டுட்டார். உடனே போன் பண்ணோம், பெர்த் நம்பர சரியா சொன்னதால திருநெல்வேலில எடுத்து வச்சிட்டாங்க, மறுநாள் அவரே போயி வாங்கிட்டு வந்தார். உள்ள இருந்த முறுக்கு கூட அப்பிடியே இருந்துச்சு.